தன்னீ ஆடிய கைக்கு பிரிட்ஜ்: டர்பனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துத் தமிழருக்குச் சீட்டுப் பிடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி ஒரு மூலையில் தன்னீ என்ற சீட்டாட்டத்துக்கு மேசை போடாத வீடு அபூர்வம். பழைய டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களைக் கேட்டால், வகுப்பை விட கேன்டீனில் தன்னீ ஆடிய நேரம்தான் அதிகம் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். என்னிடம் பிரிட்ஜ் கற்க வருகிறவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தான். வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து இருபத்தெட்டு ஆடிப் பழகியவர்களும், 304 ஆடிய இலங்கைக்காரர்களும் சிலர் உண்டு. இந்த மூன்று கூட்டமும் திரும்பத் திரும்பக் கேட்பவை கீழே.

தன்னீ நல்லா ஆடுவேன். பிரிட்ஜும் அதே மாதிரிதானே?

எலும்புக்கூடு ஒன்றுதான். நாலு பேர், எதிரெதிரே ஜோடி, இறக்கிய சூட்டையே போட வேண்டும், இல்லாதபோது துருப்பால் வெட்டலாம், பெரிய சீட்டு பிடியை எடுக்கும். இவ்வளவும் உங்கள் ரத்தத்தில் இருப்பதால் பாதிப் பாடம் முடிந்தது.

மாறுவது இவை. தன்னீக்கு 24 சீட்டு, கைக்கு 6. பிரிட்ஜுக்கு முழுக் கட்டு 52, கைக்கு 13. தன்னீயில் ஜாக்கி 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2 என்று சீட்டுக்கு மதிப்பு உண்டு. பிரிட்ஜில் பிடிக்குள் என்ன சீட்டு விழுந்தது என்பது கணக்கே இல்லை, எத்தனை பிடி என்பதுதான் கணக்கு. இரண்டும் நாலும் மட்டுமே விழுந்த பிடியும் ஒரு பிடிதான். ஆட்டம் சுற்றும் திசையும் வேறு: தன்னீ வலப்பக்கமாகச் சுற்றும், பிரிட்ஜ் கடிகாரம் போல இடப்பக்கமாகச் சுற்றும். முதல் சில நாள் எல்லோரும் முறை தவறிச் சீட்டைப் போடுவார்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஜாக்கிதான் பெரிசுன்னு கை பழகிப்போச்சு. எப்படி மாத்துறது?

ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து, ஒன்பது என்று இறங்குவரிசை. மனப்பாடம் செய்து பயனில்லை, ஆடித்தான் மாறும். அதற்கு நல்ல வழி மினிபிரிட்ஜ். இதில் ஏலம் கிடையாது. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று ஒவ்வொருவரும் தன் கையைக் கூட்டிச் சொல்லிவிட வேண்டும். கட்டு முழுவதும் சேர்ந்து 40. அதிகம் வைத்திருக்கும் ஜோடி ஆட்டத்தை எடுக்கும். அந்த ஜோடியில் பலமான கை ஆடும், மற்றவர் சீட்டை மேசையில் விரிப்பார். விரித்ததைப் பார்த்த பிறகுதான் எது துருப்பு, எத்தனை பிடி என்று முடிவு. ஒரு மாதம் இதையே ஆடுங்கள் என்பேன். அவசரப்பட்டு நேரே ஏலத்துக்குப் போகிறவர்கள் ஏலத்தையும் கற்பதில்லை, ஆட்டத்தையும் கற்பதில்லை.

ஏலம்தான் தலையைச் சுத்துது. தன்னீயில 10, 20ன்னு கூட்டிக் கேட்டா முடிஞ்சுது. இதுல ஏன் இவ்வளவு?

தன்னீயில் நாலு சீட்டைப் பார்த்துவிட்டு, துருப்பு சொல்லும் உரிமைக்காகக் கேட்கிறீர்கள். எதிராளியை மிரட்டக் கேட்பதும் உண்டு. பிரிட்ஜ் ஏலத்தில் அந்த வீரம் எடுபடாது. இங்கே ஏலம் என்பது எதிரே இருக்கும் ஜோடியோடு நடக்கும் பேச்சு. கையில் எவ்வளவு பலம், எந்தச் சூட் நீளம் என்ற இரண்டையும் மேசையில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்கிறீர்கள்.

சொல்லும் எண்ணோடு 6 கூட்டினால் எத்தனை பிடி என்று வரும். ‘1 ஆட்டின்’ என்றால் ஆட்டின் துருப்பில் 7 பிடி. ‘4 ஸ்பேட்’ என்றால் 10 பிடி. கிளாவர், டைமண்ட், ஆட்டின், ஸ்பேட், அதற்கு மேல் துருப்பே இல்லாத நோ டிரம்ப் என்று ஏறுவரிசை. அடுத்தவர் கேட்டதை விட மேலே கேட்க வேண்டும், இல்லையேல் பாஸ்.

ஒரு உதாரணம். உங்கள் கையில் 14 புள்ளி, அதில் ஐந்து ஆட்டின். 12-க்கு மேல் இருப்பதால் ‘1 ஆட்டின்’ என்று திறக்கிறீர்கள். ஜோடியிடம் மூன்று ஆட்டினும் 8 புள்ளியும். 6 முதல் 9 வரை இருந்தால் ‘2 ஆட்டின்’ என்று ஒரு படி தூக்குவது வழக்கம், அதைத்தான் சொல்கிறார். இப்போது கூட்டுங்கள்: உங்கள் 14, அவரிடம் அதிகம் போனால் 9, மொத்தம் 23. பெரிய ஆட்டத்துக்கு (இங்கே 10 பிடி) 25 வேண்டும், எனவே பாஸ். இதே நீங்கள் 18 வைத்திருந்தால் நேரே ‘4 ஆட்டின்’. இரண்டு பேரும் ஒரு பொய்யும் சொல்லாததால்தான் இந்தக் கூட்டல் வேலை செய்கிறது. தன்னீயிலிருந்து வருகிறவர்களுக்குக் கடினமாக இருப்பது விதிகள் இல்லை, இந்த நேர்மைதான்.

எப்படியும் 10 பிடி வரும்னா, 2-லயே நிறுத்திட்டு 10 பிடிச்சா என்ன? பத்திரமா இருக்கலாமே?

இருக்கலாம், ஆனால் புள்ளி வராது. ‘2 ஆட்டின்’ கேட்டு 10 பிடி எடுத்தால் 170. அதே 10 பிடியை ‘4 ஆட்டின்’ என்று கேட்டு எடுத்தால் 420. ஆட்டினுக்கும் ஸ்பேடுக்கும் பிடிக்கு 30, கிளாவருக்கும் டைமண்டுக்கும் 20, நோ டிரம்புக்கு முதல் பிடி 40, மற்றவை 30. கேட்ட அளவுக்கே 100 எட்டினால் அது ‘கேம்’, அதற்கு 300 வெகுமதி. வெகுமதியும் அபராதமும் கூடும் ‘வல்னரபிள்’ நிலையில் 500. அதனால்தான் 3 நோ டிரம்ப், 4 ஆட்டின், 4 ஸ்பேட் இந்த மூன்றின் மேலேயே எல்லோருக்கும் கண். ஒரு பிடி குறைந்தால் போவது 50 அல்லது 100 மட்டுமே. ஆக, துணிந்து கேட்பவருக்கே ஆட்டம் சாதகம்.

பிடியைக் கேட்டால்தான் வெகுமதி என்ற இந்த யோசனையும் வல்னரபிள் என்பதும் சேர்ந்து இன்றைய உருவம் பெற்றது 1925-இல். ஹரால்ட் வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கச் செல்வந்தர் பனாமா கால்வாய் வழியாகக் கப்பலில் போகும்போது நண்பர்களோடு ஆடிப்பார்த்துத் திருத்திய புள்ளிமுறை அது.

ஜோடிக்குக் கண்ணு காட்டுறது, காதைச் சொறியுறது எல்லாம்?

கூடவே கூடாது. தன்னீ மேசையில் அது பாதி கலை, பிடிபட்டால் ஒரு சிரிப்பு. பிரிட்ஜில் ஏமாற்று. கண் காட்டுவது மட்டுமில்லை, ரொம்ப நேரம் யோசித்துவிட்டு பாஸ் சொல்வதும், ‘ம்ச்’ கொட்டுவதும், சீட்டை ஓங்கி அடிப்பதும் ஜோடிக்குச் செய்தி சொல்வதாகவே எடுத்துக்கொள்ளப்படும். அப்படிக் கிடைத்த செய்தியை ஜோடி பயன்படுத்தக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. குரலின் ஏற்ற இறக்கம் கூடத் தெரியக்கூடாது என்றுதான் கிளப்புகளில் ஏலத்தை வாயால் சொல்லாமல் பெட்டியிலிருந்து அட்டை எடுத்து வைக்கிறார்கள். 2015-இல் உலகத் தரத்து ஜோடி ஒன்று, சீட்டு வைக்கும் பலகையை மேசையில் எந்த இடத்தில் வைப்பது என்பதாலேயே சைகை செய்ததாக வீடியோவைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள், பிறகு தடை வந்தது.

பிரிட்ஜிலும் சைகை உண்டு. ஆனால் அது சீட்டால் செய்வது, எதிராளிக்கும் அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும். ஜோடி இறக்கிய சூட்டில் பெரிய சீட்டைப் போட்டால் ‘தொடரு’, சின்னதைப் போட்டால் ‘வேறு பார்’. கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

டம்மி ஆனவர் சும்மா உட்கார்ந்திருக்கணுமா?

ஆமாம். டம்மி, அதாவது ஆடுகிறவரின் ஜோடி, சீட்டை விரித்துவிட்டு, சொல்கிறதை எடுத்துப் போடுவதோடு சரி. டீ போட எழுந்து போகலாம். ‘ஐயோ அதைப் போடாதே’ என்று முகம் காட்டுவதற்கு மட்டும் அனுமதி இல்லை.

ஏலம் சரியா வருது, ஆனா ஆட்டத்துல தோத்துடுறேன். ஏன்?

அநேகமாக முதல் பிடியிலேயே தோற்கிறீர்கள். தன்னீ 6 பிடியில் முடிகிற ஆட்டம், அதில் பெரிய சீட்டை வைத்துக்கொண்டு பொறுக்க நேரமில்லை. பிரிட்ஜில் பொறுத்தவருக்கே 13 பிடியும் திறக்கும். கீழே உள்ள கையைச் சீட்டுக்கட்டில் எடுத்து விரித்துப் பாருங்கள். நீங்கள் 3 நோ டிரம்ப் ஆடுகிறீர்கள், 9 பிடி வேண்டும்.

டம்மி: ஸ்பேட் 7 4. ஆட்டின் ராஜா 6 3. டைமண்ட் ஏஸ் ராணி ஜாக்கி 10 5. கிளாவர் 8 6 2.

உங்கள் கை: ஸ்பேட் ஏஸ் 9 3. ஆட்டின் ஏஸ் 8 4 2. டைமண்ட் 9 8 3. கிளாவர் ஏஸ் ராஜா ராணி.

இடப்பக்கத்தவர் ஸ்பேட் ராஜாவை இறக்குகிறார். டம்மியில் கை வைப்பதற்கு முன் எண்ணுங்கள். ஸ்பேட் 1, ஆட்டின் 2, டைமண்ட் ஏஸ் 1, கிளாவர் 3, ஆக 7 பிடி உறுதி. மீதி இரண்டு டைமண்டில்தான் வர வேண்டும். டைமண்ட் ராஜா இடப்பக்கம் இருந்தால் ஐந்து டைமண்டும் உங்களுக்கே. வலப்பக்கம் இருந்தால் அவர் ஒரு பிடி எடுப்பார், அப்போதும் நாலு உங்களுக்கு. எப்படிப் பார்த்தாலும் பிடி போதும். பயம் ஸ்பேடில்தான்.

பழக்கதோஷத்தில் முதல் ஸ்பேடையே ஏஸால் எடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டைமண்ட் 9-ஐ ஓட விடுகிறீர்கள், வலப்பக்கத்தவர் ராஜாவால் எடுத்து ஸ்பேடைத் திருப்புகிறார். இடப்பக்கத்தவரிடம் ஐந்து ஸ்பேட் இருந்தால் மீதி நாலும் அவருக்கு. டைமண்ட் ராஜாவோடு ஐந்து பிடி போய், 8-இல் நின்றுவிட்டீர்கள்.

இப்போது ஏஸை வைத்துக்கொண்டு இரண்டு ஸ்பேடை விட்டுக்கொடுங்கள். மூன்றாவதில்தான் ஏஸ். வெளியே இருந்த ஸ்பேட் 8. இடப்பக்கம் 5 என்றால் வலப்பக்கம் 3, அவை மூன்றும் தீர்ந்துவிட்டன. இனி டைமண்ட் ராஜா அவரிடம் இருந்தாலும் திருப்ப ஸ்பேட் இல்லை. 10 பிடி. ஸ்பேட் நாலுக்கு நாலாகப் பிரிந்திருந்தால்? அவர்களுக்கு மூன்று ஸ்பேடும் ஒரு டைமண்டும், உங்களுக்கு 9. அதுவும் போதும்.

புதிதாக வருகிறவர்களிடம் இந்த ஒரு கையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் அளவுக்கு ஆடச் சொல்வேன்.

துருப்பு இருந்தா முதல்ல என்ன செய்யணும்?

பெரும்பாலும் எதிராளியின் துருப்பை உருவிவிடுங்கள், அதற்குப் பிறகு உங்கள் நீளச் சூட்டை யாரும் வெட்ட முடியாது. விதிவிலக்கு ஒன்று: டம்மியில் ஒரு சூட் குறைவாக இருந்து, அங்கே வெட்டி எடுக்கப் பிடி இருக்கிறதென்றால் வெட்டை முதலில் முடியுங்கள். உங்கள் இருவரிடமும் சேர்ந்து 8 துருப்பு என்றால் வெளியே உள்ள 5, நூற்றுக்கு 68 தடவை 3-2 என்று பிரியும். 4-1 ஆக 28 தடவை. 4 சீட்டு வெளியே இருந்தால் 2-2-ஐ விட 3-1 தான் அதிகம் என்பது பலருக்கு அதிசயமாக இருக்கும்: நூற்றுக்கு 3-1 ஆக 50 தடவை, 2-2 ஆக 40.

எதிர்த்து ஆடும்போது முதல் சீட்டு எதை இறக்குறது?

ராஜா ராணி ஜாக்கி போல் தொடர்ச்சி இருந்தால் அதன் தலைச்சீட்டு. நோ டிரம்பில் தொடர்ச்சி இல்லையென்றால் உங்கள் நீளச் சூட்டில் மேலிருந்து நாலாவது. ஜோடி ஏலத்தில் ஒரு சூட் சொல்லியிருந்தால் அதை இறக்குங்கள், அது தப்பாகப் போனாலும் சண்டை வராது.

எனக்கு ஞாபகசக்தி கம்மி. 52 சீட்டையும் எப்படி நினைவு வைக்கிறது?

யாரும் வைப்பதில்லை. தன்னீயில் விழுந்த சீட்டைக் கூட்டிக்கொண்டே வந்து எதிராளி எங்கே நிற்கிறார் என்று சொல்கிறீர்களே, அதை விட இது சுலபம். முதலில் ஒரு சூட்டை மட்டும் எண்ணுங்கள், அது துருப்பு. உங்களிடமும் டம்மியிலும் எவ்வளவு என்று பார்த்து 13-இலிருந்து கழித்து, வெளியே உள்ளது விழ விழக் குறைத்துக்கொண்டே வாருங்கள். அது தானாக வரத் தொடங்கிய பிறகு இரண்டாவது சூட். கைகளின் வடிவம் பழகிப்போனால் இன்னும் எளிது. மிக அதிகம் வருவது 4-4-3-2, அடுத்து 5-3-3-2. ஒருவரிடம் ஸ்பேட் 5, ஆட்டின் 3, டைமண்ட் 3 என்று தெரிந்துவிட்டால் கிளாவர் 2 என்பதை அவர் காட்டவே வேண்டாம்.

கன்வென்ஷன் எத்தனை கத்துக்கணும்?

கன்வென்ஷன் என்பது ஏலத்தில் ஒரு கேட்புக்கு ஜோடியோடு முன்பே பேசிவைத்த தனி அர்த்தம். மூன்று போதும். ஜோடி 1 நோ டிரம்ப் திறந்ததும் பதிலுக்கு 2 கிளாவர் சொல்லி ‘ஆட்டினோ ஸ்பேடோ நாலு இருக்கிறதா’ என்று கேட்கும் ஸ்டேமன். ஐந்து சீட்டு உள்ள சூட்டுக்கு முந்தின சூட்டைச் சொல்லி ஜோடியையே ஆட வைக்கும் டிரான்ஸ்ஃபர், அதாவது ஆட்டினுக்கு 2 டைமண்ட், ஸ்பேடுக்கு 2 ஆட்டின். 12 பிடிக்கு ஆசைப்படும்போது 4 நோ டிரம்ப் சொல்லி ஏஸ் எத்தனை என்று கேட்கும் பிளாக்வுட். இதற்கு மேல் யாராவது காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தால் மரியாதையாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இருபது கன்வென்ஷன் தெரிந்தும் துருப்பை எண்ணத் தெரியாதவர்கள் எல்லாக் கிளப்பிலும் இருக்கிறார்கள்.

ஏகோலா, ஸ்டாண்டர்ட் அமெரிக்கனா?

இரண்டும் ஏலம் கேட்கும் முறைகள். உங்கள் ஜோடி எதுவோ அது. ஏகோல் 1930-களில் லண்டனில் பிறந்தது. அதில் நாலு சீட்டு இருந்தாலே ஆட்டின், ஸ்பேட் திறக்கலாம், 1 நோ டிரம்புக்கு 12 முதல் 14. ஸ்டாண்டர்ட் அமெரிக்கனில் ஐந்து சீட்டு வேண்டும், 1 நோ டிரம்ப் 15 முதல் 17. மேலே சொன்ன உதாரணங்கள் இரண்டாவது வகை. புது ஆளோடு உட்காரும்போது இந்த இரண்டையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

எங்க போய் ஆடுறது? எங்க ஏரியாவுல யாரும் ஆடுறதில்லையே.

தென்னாப்பிரிக்க பிரிட்ஜ் கூட்டமைப்பின் கீழ் பெரிய ஊர்களில் கிளப்புகள் உண்டு, டர்பனிலும் ஆட்டம் நடக்கிறது. நம் ஆட்கள் குறைவு என்பது உண்மை. நிறவெறி ஆட்சி பிரித்து வைத்திருந்த காலத்தில் நாம் நம் தெருவில் தன்னீ ஆடினோம், வெள்ளைக்காரர்கள் அவர்கள் கிளப்பில் பிரிட்ஜ் ஆடினார்கள், அந்த மிச்சம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் நாலு பேராகச் சேர்ந்து போங்கள். தன்னீக்கு நாலு பேர் கிடைக்கிற வீட்டில் பிரிட்ஜுக்கும் கிடைப்பார்கள்.

இணையத்தில் பிரிட்ஜ் பேஸ் ஆன்லைனில் இலவசமாகவே ஆடலாம், ஆள் இல்லாவிட்டால் ரோபோவோடும் ஆடலாம். ரோபோ திட்டாது, அது ஒரு நிம்மதி. லோட்ஷெட்டிங் எனும் முறைவைத்த மின்வெட்டு வந்து ரவுட்டர் அணைந்தால், ஆட்டத்தின் நடுவில் எதிரே இருப்பவரைத் தொங்கலில் விட்டதாகிவிடும். மின்வெட்டு அறிவித்திருந்தால் அட்டவணையைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

சீட்டுன்னாலே அம்மா சூதாட்டம்னு திட்டுறாங்க. என்ன பதில் சொல்ல?

கிளப் போட்டிகளில் ஆடுவது டூப்ளிகேட். கலைத்துப் போட்ட சீட்டைப் பலகையில் அப்படியே வைத்து மேசைக்கு மேசை அனுப்புவார்கள். நீங்கள் ஆடிய அதே 13 சீட்டை அடுத்த மேசையில் இன்னொருவர் ஆடுவார். உங்கள் கை மோசமாக இருந்தால் அவருக்கும் அதே மோசம்தான். யார் அதை வைத்து அதிகம் செய்தார் என்பதற்குத்தான் புள்ளி. அதிர்ஷ்டத்துக்கு அதிக இடமில்லை. சர்வதேச ஒலிம்பிக் குழுவும் உலக பிரிட்ஜ் கூட்டமைப்பை 1999-இல் அங்கீகரித்தது. அம்மாவுக்கு இவ்வளவும் சொல்ல நேரமில்லை என்றால், ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

புருஷன் பொண்டாட்டி ஜோடியா ஆடலாமா?

ஆடலாம். 1929-இல் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஒரு கை தோற்றதில் தகராறு முற்றி, மனைவி கணவரைச் சுட்டுக் கொன்றார். நீதிமன்றம் அவரை விடுதலையும் செய்தது. வீட்டுக்குப் போகும் காரில் பிரிட்ஜ் பேசுவதில்லை என்று முதலிலேயே ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆடிக்கிட்டே இருக்கேன், முன்னேற்றமே இல்லை. என்ன பண்ணலாம்?

ஆடியதைத் திரும்பப் பார்க்கிறீர்களா? போட்டி முடிந்ததும் பல கிளப்புகளில் எல்லாக் கையும் அச்சடித்த தாள் கொடுப்பார்கள். அதில் நீங்கள் தோற்ற இரண்டு கையை மட்டும் எடுத்து, மறுநாள் சாப்பாட்டு மேசையில் சீட்டை விரித்து மறுபடி ஆடுங்கள். ‘எந்தப் பிடியில் முடிவு கெட்டது’ என்ற ஒரு கேள்விதான். பெரும்பாலும் அது நீங்கள் நினைத்ததற்கு நாலைந்து பிடி முன்னாலேயே நடந்திருக்கும். ஒரே ஜோடியோடு ஆறு மாதம் ஆடுவதும் உதவும். வாரத்துக்கு ஒரு ஜோடி மாற்றுகிறவர் ஒவ்வொரு தடவையும் அறிமுகம் செய்துகொண்டே இருப்பார்.

எனக்கு 68 வயசு. இனிமே ஆரம்பிச்சு என்ன ஆகப்போகுது?

2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஆண்கள் ஜோடிப் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த பிரணாப் பர்தனுக்கு அப்போது 60, கூட ஆடிய ஷிப்நாத் சர்க்காருக்கு 56. உங்களுக்குத் தங்கம் வேண்டாம், புதன்கிழமை மத்தியானம் ஒரு மேசை போதும் என்றால் வயது ஒரு தடையே இல்லை. முட்டிவலி இருந்தால் மட்டும் போனவுடன் வடக்கு-தெற்கு இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரணமாக அவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம், ஒவ்வொரு சுற்றுக்கும் எழுந்து அடுத்த மேசைக்குப் போக வேண்டியது கிழக்கு-மேற்கு ஜோடிதான்.